புலம்பல்காரரின் ஆறாவது துண்டு

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று நீ பட்டென்று போனை வைத்த பிறகு, திரும்பக் கூப்பிடலாமா என்று ஐந்தாறு முறை எடுத்து எடுத்து வைத்தேன். நம் இருவருக்கும் போன் சரிப்படாது. இரண்டாவது நிமிஷம் குரல் ஏறிவிடுகிறது, மூன்றாவது நிமிஷம் பழைய கதையெல்லாம் வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். பத்திரிகையில் வந்த கட்டுரையையும் இத்துடன் வைத்திருக்கிறேன். முழுதும் படித்துவிட்டுத் திட்டு.

நடந்தது இதுதான். எங்கள் பத்திரிகை ஆசிரியர் ஒரு நாள் கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். "நூத்தம்பது வருஷத்துக்கு முந்தின ரொமான்டிக் காலத்து ஆளுங்களை இப்ப யார் சார் கேக்கறாங்க? எல்லாருக்கும் மினிமலிசம்தான் வேணும். நாலு சுரம், நாற்பது நிமிஷம். உங்க ஆளை மினிமலிஸ்ட்னு நிரூபிங்க, பக்கம் தரேன்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து உன் பியானோ இசைத்தட்டைப் போட்டேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

நம் புலம்பல்காரரைத்தான் சொல்கிறேன். நீ பியானோ முன்னால் உட்கார்ந்ததுமே, "ஆரம்பிச்சுட்டாரா உன் புலம்பல்காரர்" என்று அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கேட்பாரே, அந்தப் பெயரை விட்டு வேறு பெயரில் அவரை எனக்கு நினைக்கவே வரவில்லை. காதலிலும் காய்ச்சலிலும் பாதி ஆயுளைத் தொலைத்த இசையமைப்பாளர். அவரைப் போய் மினிமலிஸ்ட் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அவருடைய சின்னச் சின்ன பியானோத் துண்டுகளில் ஆறாவது துண்டை எடுத்துக்கொள். மொத்தம் அறுபத்தெட்டு பார், அறுபத்தெட்டு தாளக் கட்டம். அத்தனையிலும் இடது கை அதே ஆறு சுரங்களைத்தான் சுற்றிச் சுற்றி வாசிக்கிறது. அச்சுப் பிரதியில் வலது கைக்குப் பொடிச் சுரங்கள் கொட்டிக் கிடக்கின்றன. நீ அதில் பாதியை உதிர்த்துவிட்டாய். எலும்பு மட்டும் நிற்கிறது. நாற்பத்தோராவது பாரில், எந்த உச்சிச் சுரத்துக்காக அவ்வளவு நேரம் ஏறி வருகிறோமோ, அந்தச் சுரமே இல்லை. வெறும் இடது கை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. புலம்பல்காரருக்குள் இப்படி ஒருவர் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தது நீ. நான் அதை எழுதினேன், அவ்வளவுதான்.

இதற்குப் போய் ஏன் கோபம்?

உன் தம்பி


பிப்ரவரி 19

தம்பிக்கு,

படித்தேன். உன் அத்தானும் படித்தார். லிஃப்ட் ரிப்பேருக்குப் போகும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து படித்துவிட்டு வந்து, "உன் தம்பி ரொம்ப நல்லா எழுதியிருக்கான். எதைப் பத்தின்னுதான் தெரியல" என்றார். எனக்குத் தெரிந்தது. அதுதான் கஷ்டம்.

திரும்பத் திரும்ப வருவதெல்லாம் மினிமலிசம் ஆகிவிடாது. அந்த ஆட்கள் ஒன்றையே திருப்பிப் போடுவது, கேட்பவனை அமைதியாக உட்கார வைக்க. புலம்பல்காரர் திருப்பிப் போடுவது விட முடியாததால். சாவு வீட்டில் வருகிறவர்களிடமெல்லாம் "காலையில நல்லாத்தான் பேசிட்டிருந்தாரு" என்று ஒருத்தி சொல்லிக்கொண்டே இருப்பாள், பார்த்திருப்பாய். வாக்கியம் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு சொல் கூடும், ஒரு சொல் மாறும். அந்த மாறுகிற சொல்லில்தான் அவள் துக்கம் இருக்கிறது. நீ பொடிச் சுரங்கள் என்று எழுதியிருப்பது அதைத்தான். அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது எலும்பு இல்லை. ஒன்றும் மிஞ்சாது.

நான் உதிர்த்தேன் என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். நான் எதையும் உதிர்க்கவில்லை. இதைப் புத்தகமாக விரிக்கப் போவதாகவும் போட்டிருக்கிறாய். அதில் என் பெயர் வேண்டாம். அந்த இசைத்தட்டும் வேண்டாம்.

அதைக் கேட்டபோது உனக்கு வேறு ஏதாவது தோன்றியிருந்தால், என்னிடம் ஏதாவது கேட்க வேண்டும் என்று இருந்தால், கேள்.

அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எவ்வளவு மறுத்தாலும் உன் கடிதமே என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது. ஒரே வாக்கியம், ஒரு சொல் மட்டும் மாறுகிறது என்கிறாய். அதைத்தானே அக்கா நானும் சொல்கிறேன்! உன் சாவு வீட்டு உதாரணத்தை இரண்டாம் அத்தியாயத்தில் எடுத்துக்கொண்டேன். கோபித்துக்கொள்ளாதே.

ஆமாம், ராப்பகலாக உட்கார்ந்து எழுதிச் சின்னப் புத்தகமாக முடித்துவிட்டேன். உன் பெயரை எடுக்க முடியாது, அக்கா. எடுத்தால் புத்தகத்தில் அட்டைதான் இருக்கும். நாற்பத்தோராவது பாரின் மௌனத்தைப் பற்றி மட்டுமே ஆறு பக்கம் எழுதியிருக்கிறேன். இன்னொரு செய்தி. கட்டுரையைப் படித்துவிட்டு இசைக் கல்லூரியில் என்னை விரிவுரையாளராகப் போட்டிருக்கிறார்கள். பதினெட்டு வருஷம் "இன்று எங்கே, என்ன நிகழ்ச்சி" என்ற பத்தியை எழுதிக்கொண்டிருந்தவனுக்கு, தனி அறை, கதவில் பெயர்ப் பலகை. முதல் நாள் அறையைத் திறந்து உள்ளே போகாமல் வெளியே நின்று பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காவலாளி வந்து, "யாரைப் பார்க்கணும் சார்?" என்றார்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் நீ சொன்னது உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. "உனக்குக் காது இருக்குடா, கை இல்லை." அதற்கப்புறம் நான் பியானோவைத் தொடவில்லை. உன் மேல் வருத்தம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காதை வைத்து முப்பது வருஷம் கழித்து ஒரு காரியம் செய்திருக்கிறேன். அதற்கு நீ சந்தோஷப்பட்டால் எனக்கு நன்றாக இருக்கும்.

ஏதாவது கேட்பதென்றால் கேள் என்றாய். கேட்கிறேன். ஏப்ரல் 27 கல்லூரி அரங்கில் புத்தக வெளியீடு. அதில் நீ வந்து ஆறாவது துண்டை மட்டும் வாசிக்க வேண்டும். ஐந்து நிமிஷம். நீ வருவாய் என்று சொல்லியும்விட்டேன்.

உன் தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

யாரைக் கேட்டுச் சொன்னாய்?

என்னால் வர முடியாது. என் மாணவர்களுக்குப் பரீட்சை. பரீட்சை இல்லாவிட்டாலும் வர மாட்டேன். அந்தத் துண்டை நான் இனி வாசிப்பதாக இல்லை. வேறு எதையும் வாசிப்பதாக இல்லை. போஸ்டர் அடித்திருந்தால் கிழித்துவிடு.

பேசாமல் சொல்லிவிடு என்கிறார் அத்தான். அவருக்கு எல்லாமே ஸ்குரூவைக் கழற்றி மாட்டுகிற வேலை. எனக்கு மனசு வரவில்லை. நீ கேட்பாய் என்று ஒரு வருஷமாகக் காத்திருந்துவிட்டு, இப்போது நானே ஆரம்பிக்க என்னவோ போல இருக்கிறது.

உனக்கு வேலை கிடைத்ததில் சந்தோஷம்தான். அதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

இரண்டு வாரம் யோசித்துப் பார்த்தேன். காரணம் ஒன்றுதான் தெரிகிறது. எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிடுகிறேன். உனக்குப் பொறாமை.

உன் இசைத்தட்டு வந்து பத்து மாதம் யாரும் சீந்தவில்லை. என் கட்டுரை வந்த பிறகுதான் கடையில் கேட்டு வாங்குகிறார்கள். கை இல்லாத தம்பி சொல்லித்தான் உன் கையைப் பற்றி ஊருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அது உனக்குப் பொறுக்கவில்லை. சின்ன வயதில் நான் ஏதாவது பரிசு வாங்கி வந்தால் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு" என்று திரும்பிப் போய் வாசிக்க ஆரம்பிப்பாயே, அதே ஆள்தான் நீ.

என் வகுப்பில் பியானோ படிக்கும் இரண்டாம் ஆண்டுப் பெண்கள் எல்லோரும் இப்போது ஆறாவது துண்டை உன்னைப் போலவே வாசிக்கிறார்கள். நீ எதையெல்லாம் விட்டாயோ அதையெல்லாம் அச்சுப் பிரதியில் பென்சிலால் அடித்து வைத்திருக்கிறார்கள். அதில் கெட்டிக்காரி ஒருத்தி கேட்டாள்: "சார், முப்பத்தெட்டாவது பார்ல விட்ட சுரத்தை ஐம்பதாவது பார்ல வாசிக்கிறாங்களே, ஏன்? ஒரு கணக்கும் பிடிபடல." அது மேதைகளுக்கு மட்டும் தெரிந்த கணக்கு என்று சொல்லிச் சமாளித்தேன். ஒலிப்பதிவாளரைக் கேட்கலாம் என்று போனால், அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "அக்காகிட்டயே கேளுங்க" என்கிறார். அவரையும் எனக்கு எதிராகச் சொல்லி வைத்திருக்கிறாய்.

நீ வராவிட்டால் போ. அந்தப் பெண்ணையே வாசிக்க வைக்கிறேன். உன்னால் மட்டும்தான் முடியும் என்று நினைக்காதே.

தம்பி


ஏப்ரல் 11

தம்பிக்கு,

அந்தப் பெண் கெட்டிக்காரிதான். கணக்கு எதுவும் இல்லை.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை, மாணவி ஒருத்திக்கு ஒரு இடத்தை வாசித்துக் காட்டும்போது, என் வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கையைப் பார்த்துச் சுருட்டிக்கொண்டன. வலி இல்லை. கையை எடுத்தேன், சரியாகிவிட்டது. மறுபடி பியானோக் கட்டைகள் மேல் வைத்தேன், மறுபடி சுருட்டிக்கொண்டன. அன்றிலிருந்து அப்படித்தான். அதே கையால் ஊசியில் நூல் கோர்க்கிறேன், அத்தானின் சட்டைக்குப் பொத்தான் தைக்கிறேன். பியானோவில் வைத்தால் மட்டும் இரண்டு விரல்களும் செத்துப்போன பூச்சியின் கால்களைப் போல மடங்கிக்கொள்கின்றன. டாக்டர் சொன்னார்: "கையில ஒண்ணும் இல்லம்மா. அந்த ரெண்டு விரலையும் தனித்தனியா தெரிஞ்சுக்கிற இடம் மூளையில கலைஞ்சு போச்சு. ரொம்ப வாசிச்சதால வர்றதுதான்." கேட்டாயா? ரொம்ப வாசித்ததால்.

எதை எதையோ செய்து பார்த்தேன். விரல்களுக்குப் பட்டை கட்டினேன். மூன்று மாதம் பியானோவை மூடி அதன் மேல் துணி போட்டு வைத்தேன். ஆறு வயதுப் பிள்ளைகளின் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

இசைத்தட்டுக்கு அதற்கு முன்னாலேயே ஒப்புக்கொண்டிருந்தேன். இப்போது விட்டால் இனி எப்போதும் இல்லை என்று தெரியும். அதனால் மூன்று விரலுக்கு எட்டியதை வைத்துக்கொண்டேன், எட்டாததை விட்டேன். ஒரு இடத்தில் எட்டும், அதே சுரம் வேறு இடத்தில் எட்டாது. உன் மாணவி பிடித்தது அதைத்தான். அந்த ஒலிப்பதிவாளர் நல்ல மனிதர். முதல் நாளே என் கையைப் பார்த்துவிட்டார். மறுநாள் அவருடைய நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

நாற்பத்தோராவது பாரைச் சொல்கிறேன், கேள். அந்த உச்சிச் சுரத்தை நடுவிரலால் வாசிப்பதாகத்தான் பழகி வைத்திருந்தேன். ஆனால் அங்கே வந்ததும் கை என்னைக் கேட்காமல் பழைய பழக்கத்தில் சுண்டு விரலை அனுப்பியது. அது வரவில்லை. இடது கை தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நீ ஆறு பக்கம் எழுதியிருப்பது அதைப் பற்றித்தான். "இன்னொரு தடவை போலாமாம்மா?" என்று ஒலிப்பதிவாளர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன் தெரியுமா? அந்த இசைத்தட்டை ஊரில் யார் கேட்டாலும் அந்தச் சுரம் இல்லாததைக் கவனிக்க மாட்டார்கள். கவனித்தால் நீ ஒருவன்தான் கவனிப்பாய். பதினாறு வயதிலிருந்து நான் அதை வாசித்ததைப் பக்கத்து அறையில் படுத்துக் கேட்டவன் நீ. நீ கேட்பாய், அடுத்த பஸ்ஸில் ஏறி வந்து, "உன் கைக்கு என்னக்கா ஆச்சு?" என்று நிற்பாய் என்று நினைத்தேன். யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாததை உன்னிடம் அப்படித்தான் சொன்னேன்.

நீ கேட்டாய். சரியாக அந்த இடத்தைத்தான் கேட்டாய். கேட்டுவிட்டு அதற்கு மினிமலிசம் என்று பெயர் வைத்தாய்.

புலம்பல்காரர் மினிமலிஸ்ட் இல்லை. அவர் எதையும் விட்டுவைக்காத ஆள். குறைத்தது நான். எனக்கு வேறு வழி இல்லை.

அக்கா


ஏப்ரல் 17

அக்கா,

நான்கு தாளைக் கிழித்துவிட்டு ஐந்தாவதில் எழுதுகிறேன். எனக்கு எழுத வரவில்லை.

இசைத்தட்டை மறுபடி போட்டேன். இனி அது எனக்குப் பாட்டாகக் கேட்காது. மூன்று விரல்கள் ஓடுவதும் இரண்டு விரல்கள் வராமல் நிற்பதும்தான் கேட்கிறது. இத்தனை நாள் எப்படிக் கேட்காமல் போயிற்று? நான் நாற்பது தடவை கேட்டேன், அக்கா. ஒரு தடவை கூட உன்னை நினைக்கவில்லை. கட்டுரையைத்தான் நினைத்தேன்.

பொறாமை என்று எழுதிய கையை என்ன செய்வது? அந்தக் கடிதத்தை எரித்துவிடு.

புத்தகம் அச்சாகிவிட்டது, நிறுத்த முடியாது. ஆனால் 27ஆம் தேதி மேடையில் ஏறி எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லப் போகிறேன். உன் விரல்களைப் பற்றிச் சொல்ல மாட்டேன், அது உன் விஷயம். என் கேள்வி தப்பு, பதில் தப்பு, அந்தச் சுரங்களை வாசித்தே ஆக வேண்டும் என்று சொல்வேன். வேலை போனால் போகட்டும். இது சத்தியம். அப்புறம் உன்னைப் பார்க்க வருகிறேன். வரவிடுவாயா?

தம்பி


மே 1

தம்பிக்கு,

நான் வந்திருந்தேன். கடைசி வரிசை, தூணுக்குப் பக்கத்தில். நீ சத்தியம் என்று எழுதியதால் வந்தேன். அத்தான் லீவு போட்டுக் கூட வந்தார்.

கல்லூரி முதல்வர் பேசினார், பதிப்பாளர் பேசினார், நீ பேசினாய். நீ வாயைத் திறக்கும்போதெல்லாம் இதோ சொல்லப் போகிறான் என்று அத்தான் என் கையைப் பிடித்தார். கடைசியில் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாய். உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்து மறுபடி மடித்து வைத்ததைப் பார்த்தேன். அதனால் உன்னைத் திட்டவும் முடியவில்லை.

அப்புறம் அந்தப் பெண் வாசித்தாள். எவ்வளவு நல்ல கை. பத்து விரலும் சொன்னபடி கேட்கிற கை. அந்தக் கையால் நான் விட்ட ஒவ்வொரு சுரத்தையும் தேடித் தேடி விட்டாள். நாற்பத்தோராவது பாரில் கையை மேலே தூக்கி, அப்படியே நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டாள். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. எனக்கு முன்னால் இருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுந்துபோய் அந்தப் பெண்ணின் சுண்டு விரலைப் பிடித்து அந்தக் கட்டை மேல் வைக்க வேண்டும் போல இருந்தது. கைதட்டல் ஓய்வதற்குள் வெளியே வந்துவிட்டோம்.

என்னைப் பார்க்க வர வேண்டாம். ஒன்றே ஒன்று செய். அந்தப் பெண்ணிடமாவது சொல். அவள் வாசிக்கட்டும்.

அக்கா


மே 23

அன்புள்ள அக்காவுக்கு,

நீ தூணுக்குப் பக்கத்தில் இருந்தது தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று எழுத நினைத்தேன். பொய். சொல்லியிருக்க மாட்டேன். மைக் முன்னால் நின்றபோது கதவில் இருக்கிற பெயர்ப் பலகைதான் கண் முன்னால் நின்றது.

அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், உன் விரல்களைப் பற்றியும். அவள் அழுதாள். மறுநாள் முழுச் சுரங்களோடு ஒரு தடவை வாசித்தும் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "தப்பா எடுத்துக்காதீங்க சார். எனக்கு அது இல்லாமதான் பிடிச்சிருக்கு."

பிறகு தைரியம் வந்து முதல்வரிடமும் பதிப்பாளரிடமும் போனேன். வேலையை விடுவதாகக் கடிதமே எழுதி எடுத்துப் போயிருந்தேன். முதல்வர் அதை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். பதிப்பாளர் உன் கடிதத்தை என்னிடம் வாங்கி இரண்டு தடவை படித்தார். பிறகு, "இதை ஏன் சார் முதல்லயே சொல்லல? புத்தகமே இதுதானே" என்றார். இரண்டாம் பதிப்பில் கடைசி அத்தியாயமாக உன் ஏப்ரல் 11 கடிதத்தை அப்படியே போட வேண்டும் என்கிறார். ஒரு எழுத்துக்கூட மாற்ற மாட்டாராம்.

நான் முடியாது என்றுதான் முதலில் சொன்னேன். ஆனால் யோசித்துப் பார், இதனால் உண்மை வெளியே வந்துவிடும். நீ எதற்காக ஏங்கினாயோ அது நடந்துவிடும். எல்லோரும் கேட்பார்கள். நீ வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன், நிச்சயமாக. அனுமதிப் படிவத்தை மட்டும் இத்துடன் வைத்திருக்கிறேன். உன் பெயரையும் முகவரியையும் அவர்களே தட்டெழுதிவிட்டார்கள்.

உன் தம்பி


ஜூன் 4

கடிதமும் படிவமும் கிடைத்தன.

அத்தான் படிவத்தைக் கிழித்துப் போடப் பார்த்தார். நான்தான் பிடுங்கி வைத்துக்கொண்டேன். கிழித்தால் இன்னொன்று வரும். அதற்கு ஒரு விளக்கக் கடிதம் வரும். அதையும் நான் படிக்க வேண்டும்.

எல்லோரும் கேட்பார்கள் என்று எழுதியிருக்கிறாய். எல்லோரும் கேட்க வேண்டும் என்று நான் ஏங்கவில்லை. அது உனக்குப் புரியாமல் போனதில் எனக்கு இப்போது கோபம் கூட வரவில்லை. மாணவர்களை வேறு ஆசிரியையிடம் சேர்த்துவிட்டேன். பகலெல்லாம் வீடு அமைதியாக இருக்கிறது. இந்த அமைதியைப் பற்றியும் யாராவது எழுதுவார்கள் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொள்ளுங்கள். கீழே "நூலாசிரியருக்கு என்ன உறவு" என்று கேட்டு ஒரு கோடு போட்டிருந்தார்கள். பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எழுத வரவில்லை. அதை நீயே நிரப்பிக்கொள்.